கடலைப் பள்ளிக்கூடமாக்கிய குர்ட் ஹான்

வியாபாரிகளாகிய நமக்கு நஷ்டம் என்பது புதிய சொல் அல்ல. கடன் கொடுத்தால் திரும்பி வராமற் போகலாம். கொள்முதல் செய்து அடுக்கிய சரக்கு விலை இறங்கலாம். கப்பலில் ஏற்றியது ஈரம் பட்டுக் கெடலாம். இத்தனையும் தெரிந்துதான் அன்றாடம் பிஸ்மி சொல்லிக் கடையைத் திறக்கிறோம். நஷ்டமே வரக்கூடாது என்று நினைப்பவர் கடையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். அப்பொழுதும் வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகையால் விவரமறிந்த வியாபாரி நஷ்டமே இல்லாத வழியைத் தேடுவதில்லை. எவ்வளவு போகலாம், எவ்வளவு வரலாம் என்று கணக்குப் பார்க்கிறார். முதலே முழுகிவிடும் காரியத்தில் கை வைப்பதில்லை.

சரக்கு விஷயத்தில் இந்தக் கணக்கைப் பார்க்கும் நாம், பெற்ற மக்கள் விஷயத்தில் பார்க்கிறோமா? பிள்ளைகளைக் கடலுக்கும் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்லப் பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதக் கடிதம் வருகிறது. நம்மில் சிலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வேறு சிலர் படிக்காமலே மறுத்துவிடுகிறார்கள். இரண்டும் கணக்குப் பார்த்துச் செய்த காரியமல்ல. இந்தக் கணக்கை ஆயுள் முழுவதும் பார்த்த ஓர் ஆசிரியரின் சரிதையைச் சகோதரர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்து பிற்காலத்தில் கிறிஸ்தவரானவர். நல்ல அறிவு எவரிடமிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் உஸ்தாதுமார்கள் நமக்குக் காட்டிய வழி.

பிறப்பும் நோயும்

குர்ட் ஹான் 1886-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தகப்பனார் தொழிலதிபர், வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு 1904-இல், பதினெட்டு வயதில், கடுமையான வெயில் தாக்கு ஏற்பட்டது. நெடுங்காலம் இருட்டறையில் படுத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பிறகும் வெயில் அவருக்கு ஆகாது. அகன்ற விளிம்புத் தொப்பி இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். உடல் பலவீனத்தை இப்படி அனுபவித்தவர்தான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை வெட்டவெளிக்கு அனுப்பினார். வெளியே போவதன் அருமையும் அபாயமும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்திருந்தன.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் ஜெர்மனியில் பல சர்வகலாசாலைகளிலும் படித்தார். 1914-இல் யுத்தம் மூண்டதும் தாய்நாடு திரும்பி, வெளிநாட்டு இலாகாவில் ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்து விவரம் சொல்லும் வேலை பார்த்தார். யுத்தத்தின் முடிவில், ஜெர்மன் சாம்ராஜ்யத்தின் கடைசிப் பிரதம மந்திரியான பாடன் இளவரசர் மாக்ஸ் என்பவருக்குக் காரியதரிசியாக இருந்தார்.

சாலெம் பள்ளி

தோற்றுப்போன தேசத்தில் இளைஞர்கள் மனம் உடைந்து கிடந்தார்கள். 1920-இல் இளவரசர் மாக்ஸும் ஹானும் சேர்ந்து, தெற்கு ஜெர்மனியில் இளவரசருக்குரிய சாலெம் மாளிகையில் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆண், பெண் இரு பாலரும் அங்கே படித்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கூடும் இடமாக அது ஆகிவிடக்கூடாது என்பதில் ஹான் பிடிவாதமாயிருந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளையை அவன் வீட்டுச் சுகமே சோம்பேறியாக்கிவிடுகிறது, அதிலிருந்து அவனை விடுவிப்பது பள்ளியின் கடமை என்பது அவருடைய கொள்கை. இதை நம் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வளரும் பிள்ளைகளின் தகப்பன்மார்கள் ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம்.

அக்காலத்து இளைஞர்களிடம் சில நற்குணங்கள் தேய்ந்து வருவதாக ஹான் கண்டார். உடலுறுதி, தானே முன்வந்து செய்யும் ஊக்கம், நினைவாற்றலும் கற்பனையும், கைத்திறனும் கவனமும், தன்னடக்கம், பிறர் துயர் கண்டு இரங்கும் மனம் ஆகிய ஆறும் அவை. இவற்றுக்கு மருந்தாக ஓட்டம் முதலிய தேகப் பயிற்சி, தூரப் பிரயாணம், கைத்தொழில், பிறரைக் காப்பாற்றும் ஊழியம் ஆகிய நான்கையும் பாடத்திட்டத்திலேயே சேர்த்தார்.

அவருடைய ஏற்பாடுகளில் ஒன்று வியாபாரிகளாகிய நமக்கு நன்றாக விளங்கும். ஒவ்வொரு மாணவனும் தனக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருப்பான். அன்று செய்ய வேண்டிய பயிற்சிகளில் எதைச் செய்தான், எதைச் செய்யவில்லை என்று இரவில் தானே குறித்துக்கொள்வான். ஆசிரியர் அதைச் சோதிப்பதில்லை. பொய்க் கணக்கு எழுதினால் ஏமாறுகிறவன் அவனே. பேரேட்டில் கை வைக்கும் குமாஸ்தாவைப் பிடிக்க ஆயிரம் வழியுண்டு. தன் மனச்சாட்சிக்கே கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பெரிய வித்தை.

சிறையும் நாடு கடந்ததும்

1932 ஆகஸ்டில் பொட்டெம்பா என்ற கிராமத்தில் ஹிட்லர் கட்சி ஆட்கள் ஓர் ஏழைத் தொழிலாளியை அவன் தாயின் கண்ணெதிரிலேயே அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதும் ஹிட்லர் அவர்களுக்கு ஆதரவாகத் தந்தியடித்தார். ஹான் பொறுக்கவில்லை. சாலெம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஹிட்லர் பக்கம் நிற்பவர்கள் சாலெமுடன் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவித்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்தார். 1933 மார்ச்சில் ஹான் கைது செய்யப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தலையிட்டுப் பேசியபின் விடுதலை கிடைத்தது. ஜூலை மாதம், கட்டிய பள்ளியையும் சொந்த நாட்டையும் விட்டு இங்கிலாந்து சேர்ந்தார். மாணவர்களை ஆபத்துக்குப் பழக்கிய ஆசிரியர், தம் முறை வந்தபோது ஒளிந்துகொள்ளவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கடலும் காவலும்

1934-இல் ஸ்காட்லாந்தின் வடகரையில், கார்டன்ஸ்டவுன் என்ற இடத்தில் மறுபடியும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கைவிரலில் எண்ணக்கூடிய மாணவர்களே முதலில் இருந்தார்கள். பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியாரை மணந்த இளவரசர் பிலிப் ஆரம்ப மாணவர்களில் ஒருவர்.

பக்கத்தில் ஹோப்மன் என்ற சிறு மீன்பிடித் துறைமுகம். அங்கே மாணவர்கள் படகு செலுத்தக் கற்றார்கள். வடகடலின் தண்ணீர் உடம்பை விறைக்கச் செய்யும் குளிர். காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளை இறக்கலாமா என்று அன்றும் கேள்வி எழாமல் இருந்திருக்காது. ஹான் செய்த ஏற்பாட்டிலே அதற்குப் பதில் இருக்கிறது.

முதலாவது, உடம்பைத் தயார் செய்யாமல் யாரையும் தூரப் பிரயாணத்துக்கு அனுப்புவதில்லை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் பாடவேளைக்குள்ளேயே நடந்தன. இரண்டாவது, கடலைத் தொழிலாகக் கொண்ட மாலுமிகளே கடல் வேலையைக் கற்பித்தார்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம். வீரம் காட்டுவதற்காக ஆபத்தைத் தேடிப்போக அவர் சொல்லவில்லை. ஆபத்தில் இருக்கும் பிறரைக் காப்பதற்காகவே பிள்ளைகளைப் பழக்கினார். மாணவர்கள் கடற்கரைக் காவலுக்குத் துணை நின்றார்கள். புயல் இரவுகளில் முறை வைத்துக் கடலைக் கண்காணித்தார்கள். தீயணைக்கவும் மலையில் தவறியவர்களைத் தேடவும் பழகினார்கள். ஒருவனைக் கரையேற்ற வேண்டும் என்று கயிற்றைப் பிடிப்பவன், அந்தக் கயிற்றின் முடிச்சை இருமுறை பார்ப்பான். வீம்புக்காகப் பிடிப்பவன் பார்க்கமாட்டான்.

புளூ பன்னல் கப்பல்

இனி வரும் செய்தி நம் கரைக்கும் உறவுடையது. புளூ பன்னல் என்று பேர் பெற்ற கப்பல்களை நம் மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். நீலப் புகைக்கூண்டு வைத்த அந்தக் கப்பல்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சரக்குக் கொண்டுவந்தன. இங்கிருந்து ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிச் சென்றன. அந்தக் கம்பெனியின் பங்காளிகளில் ஒருவர் லாரன்ஸ் ஹோல்ட்.

இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தன. தப்பியவர்கள் உயிர்காப்புப் படகுகளில் நாட்கணக்கில் மிதந்தார்கள். அப்பொழுது ஹோல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்துத் திடுக்கிட்டார். உடம்பில் வலுவுள்ள வாலிபர்கள் முதலில் இறந்தார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் பழகிய வயோதிக மாலுமிகள் பிழைத்தார்கள். வாலிபர்களுக்குக் குறைந்தது பலமன்று. கஷ்டத்தை முன்பே கண்டு, அதிலிருந்து மீண்ட அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம் என்ற நம்பிக்கை அவர்கள் மனத்தில் ஊறவில்லை.

பயிற்சிக்கு அனுப்பினால் பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்பது உண்மை. ஆனால் பயிற்சியே கொடுக்காமல் வளர்ப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது; அது வெகுகாலம் கழித்து வருவதால் நம் கணக்கில் ஏறுவதில்லை. இந்த இரண்டாவது பற்றை ஹோல்டும் ஹானும் கணக்கில் ஏற்றினார்கள். கார்டன்ஸ்டவுன் பள்ளி யுத்தத்தின் நிமித்தம் வேல்ஸ் பகுதிக்கு மாறியிருந்த சமயம் அது. 1941 அக்டோபரில், அங்கே அபர்டோவி என்ற கடற்கரையூரில், இருவரும் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். கரையை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைந்த பயிற்சி. கப்பல் கம்பெனிப் பையன்கள், தொழிற்சாலைப் பையன்கள், பள்ளி மாணவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தங்கினார்கள். முதலில் உடற்பயிற்சி, சிறு படகு, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி காணுதல், உயிர்காக்கும் முறைகள். இவற்றுக்குப் பிறகே கடற்பிரயாணமும் மலைப்பிரயாணமும். படிப்படியாக ஏற்றுவதே முறை. புதிதாக வந்த கடைப்பையனிடம் முதல் நாளே கல்லாவைக் கொடுக்காமல், முதலில் மூட்டை பிரிக்கவும் பிறகு நிறுக்கவும் பிறகு வாடிக்கையாளரிடம் பேசவும் பழக்குகிறோமே, அதே முறைதான்.

முதுமைக் காலம்

உடல்நலக் குறைவால் 1953-இல் கார்டன்ஸ்டவுன் தலைமைப் பதவியிலிருந்து ஹான் விலகினார், உழைப்பிலிருந்து விலகவில்லை. 1936-இல் அவர் மோரே வட்டாரத்து இளைஞர்களுக்காக வகுத்திருந்த பட்டயத் திட்டமே, 1956-இல் இளவரசர் பிலிப் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுக்கு வித்தாயிற்று. 1962-இல், பல தேசத்து மாணவர்கள் ஒன்றாகப் படிக்கும் அட்லாண்டிக் கல்லூரி அவர் யோசனைப்படி வேல்ஸ் கடற்கரையில் திறக்கப்பட்டது. அங்கும் மாணவர்கள் கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றும் ஊழியம் செய்தார்கள். அந்த வேலைக்காக அவர்கள் உருவாக்கிய காற்றடைத்த ஓரமுள்ள வேகப்படகைப் பின்பற்றியே பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம் தன் படகுகளில் ஒரு வகையைச் செய்தது. அந்த வகைக்கு அட்லாண்டிக் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஹான் மணம் செய்துகொள்ளவில்லை. 1974 டிசம்பர் 14-ஆம் தேதி, எண்பத்தெட்டாம் வயதில், சாலெமுக்கு அருகே காலமானார்; சாலெமிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வழி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தியதென்று சொல்லமுடியாது. குளிர்ந்த தண்ணீர்க் குளிப்பும் காலை ஓட்டமும் சிலரை உறுதியாக்கின, சிலரை ஒடுக்கின. பிரிட்டன் மன்னர் சார்லஸ் 1962 முதல் 1967 வரை கார்டன்ஸ்டவுனில் படித்த நாட்கள் அவருக்கு இனிமையாக அமையவில்லை என்பது பலரும் அறிந்தது. ஒரே அளவில் தைத்த சட்டை எல்லாருக்கும் சேராது. பிள்ளையின் உடம்பையும் மனத்தையும் பார்க்காமல் பயிற்சி கொடுப்பதும் கணக்குத் தவறுவதே.

கணக்கு வைக்காதவர்களால் வந்த வினை

ஹான் காலஞ்சென்று பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் நடந்த ஒரு துயரத்தையும் சொல்லாவிட்டால் இந்தச் சரிதை ஒருபக்கக் கணக்காகிவிடும். 1993 மார்ச் 22-ஆம் தேதி, லைம் வளைகுடாவில் எட்டு மாணவர்கள் தங்கள் ஆசிரியருடனும் இரு பயிற்றுநர்களுடனும் கயாக் எனும் சிறு தோணிகளில் கடலில் இறங்கினார்கள். காற்று அவர்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று. குளிர்நீரில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்தவை நெஞ்சை உறுத்துகின்றன. பயிற்றுநர்களுக்குப் போதிய தகுதியில்லை. அபாய அறிவிப்பு வாணங்கள் கொடுத்தனுப்பப்படவில்லை. கரைக் காவலருக்குச் செய்தி போக மணிக்கணக்கில் தாமதமாயிற்று. முன்பு அங்கே வேலை பார்த்தவர்கள், இப்படி நடக்கும் என்று எச்சரித்துக் கடிதமே எழுதியிருந்தார்கள். நிலையத்தை நடத்திய கம்பெனியின் நிர்வாகி 1994-இல் சிறைத் தண்டனை பெற்றார். 1995-இல், இளையோர் சாகச நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது கடல் என்று மட்டும் சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. லாபத்தை எழுதிக்கொண்டு செலவை எழுதாதவர்களின் பேரேடுதான் அவர்களைக் கொன்றது.

நம் நாடுகளில்

ஹானின் வழி நம் நாடுகளுக்கும் வந்தது. 1950-களின் நடுவில் பேராக் மாநிலம் லூமுட்டிலும், 1967-இல் சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவிலும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளிகள் ஏற்பட்டன. 2016-இல் சிங்கப்பூர் அரசாங்கம், உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர் எல்லாரும் ஐந்து நாள் அங்கே பயிற்சி பெறும் திட்டத்தை அறிவித்தது. ஆகவே இது இனிப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விஷயமல்ல. நம் வீட்டு விஷயம்.

நம் நாடுகளுக்குக் கண்ணீரும் வந்திருக்கிறது. 2015 ஜூன் 5-ஆம் தேதி சபாவின் கினபாலு மலையில் பூமி அதிர்ந்து பாறைகள் உருண்டு பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியொன்றின் ஏழு மாணவர்களும் இரு ஆசிரியர்களும் இருந்தார்கள். பூகம்பத்தை முன்கூட்டி அறிந்திருக்க எவராலும் முடியாது. அது அல்லாஹ்வின் நாட்டம். 2021 பிப்ரவரியில், சிங்கப்பூரில் உயரத்தில் கட்டிய கயிற்றுப் பாதையில் பயிற்சி செய்த ஒரு மாணவர் உயிர் நீத்தார். உடனே பள்ளிகளில் உயரப் பயிற்சிகள் நிறுத்தி வைக்கப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டன. எந்தப் பெற்றோருக்கும் இத்துயரம் வேண்டாம் என்றே துஆச் செய்கிறோம். அதே சமயம், இரண்டு இடத்திலும் அதிகாரிகள் கதவை ஒரேயடியாகச் சாத்திவிடாமல், நிறுத்தினார்கள், ஆராய்ந்தார்கள், திருத்தினார்கள் என்பதையும் பார்க்கிறோம்.

நம்மவர்க்குச் சில வார்த்தைகள்

நம் பாட்டன்மார்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, மீசை முளைக்கும் முன்பே கடல் தாண்டி வந்தார்கள். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், அடுத்தவர் கடையில் சாக்கை விரித்துப் படுத்து முன்னுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முகாம் தேவைப்படவில்லை; வாழ்க்கையே முகாமாயிருந்தது. அவர்கள் சம்பாதித்த சௌகரியத்தில் வளரும் நம் மக்களுக்கு அந்தப் பாடத்தை யார் கொடுப்பது? குளிர்சாதன அறையிலிருந்து பள்ளி வாகனம், அங்கிருந்து டியூஷன், அங்கிருந்து கைப்பேசி என்று வளர்கிற பிள்ளை, ஒரு நாள் கடையில் பெரிய நஷ்டம் வந்தால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

நீச்சலும் வில்வித்தையும் குதிரையேற்றமும் மக்களுக்குக் கற்பிக்கும்படி ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக மதரஸாவில் கேட்டிருக்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும் படிப்பினையையும் கேட்டிருக்கிறோம். எல்லாம் கத்ரின்படி நடக்கும் என்று சொல்லி, படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவது. ஒட்டகத்தை வெளியே விடவே மாட்டேன் என்பது பிரயாணத்தையே மறுப்பது.

ஆகவே சம்மதக் கடிதம் வந்தால், கொள்முதல் ரசீதைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படியுங்கள். தெரியாததைப் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பயிற்றுநர் தகுதி பெற்றவரா? எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? இடி மின்னல் வந்தால் என்ன ஏற்பாடு? தண்ணீரில் மிதவைச் சட்டை உண்டா? அவசரமானால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல ஆசிரியர் இப்படிக் கேட்கும் பெற்றோரை விரும்புவார்.

நம் பங்குக்கு ஒளிக்காமலும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால், பலர் அறிய வேண்டாமே என்று படிவத்தில் எழுதாமல் விடுவது பெரும் தவறு. சரக்கின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாதென்றால், உயிர் விஷயத்தில் மறைப்பது எப்படிக் கூடும்? ஹலால் உணவு, தொழுகை நேரம், பெண்மக்களின் உடை, தங்குமிடம் ஆகியவற்றையும் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளலாம். இவற்றைக் கேட்காமலே காரணங்காட்டிப் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை.

நீச்சலையாவது எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். தண்ணீர் சூழ்ந்த நாட்டில் வாழ்ந்துகொண்டு நீந்தத் தெரியாமல் இருப்பது, பணம் புழங்கும் கடையில் கணக்குத் தெரியாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் பார்த்தபின் கணக்குச் சரியில்லை என்று தோன்றினால் துணிந்து மறுத்துவிடுங்கள். சரியென்று தோன்றினால் கையெழுத்துப் போட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதி அனுப்புங்கள். வெயில் ஆகாத ஓர் ஆசிரியர் பிறர் பிள்ளைகளை வெயிலுக்கும் கடலுக்கும் பழக்கியதன் பொருள் இதுதான். பிள்ளையை என்றென்றும் நம் கைக்குள் வைத்திருக்க முடியாது. நம் கை விலகும் நாளுக்கு அவனைத் தயார் செய்யத்தான் முடியும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மக்களைத் தரையிலும் தண்ணீரிலும் காத்தருள்வானாக. ஆமீன்.